ஆசிரியராய்ச் செல்வோம், மாணவராய் வாழ்வோம்

காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம் என்று காவிரியின் கிளைகள் கடலொடு கலக்கும் இக்கரையிலே பிறந்தோர்க்கு அயல்நாட்டுச் செலவு புதியதொன்றன்று. மரக்கலமேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சென்று வணிகம் நடத்திய முன்னோர் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால் காரைக்காலாரும் புதுச்சேரியாரும் சைகோன் நகருக்குப் பெயர்ந்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. பின்னர் வளைகுடா நாடுகளின் வாயில் திறந்தது. முன்னோர் சரக்கைக் கொண்டு சென்றனர். அவர்தம் பிள்ளைகள் உழைப்பைக் கொண்டு சென்றனர்.

இவ்விரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதொரு செலவும் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அதுதான் கல்வியைக் கொண்டு செல்லும் செலவு. பேரரசர் ஹெய்லி செலாசி ஆண்ட காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். 1970களில் நைஜீரியா தன் பள்ளிகளை விரிவாக்கியபோது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழாசிரியப் பெருமக்கள் பலர் அங்குச் சென்றனர். இவர்கள் கற்பித்தது பெரும்பாலும் ஆங்கிலம். அல்லது ஆங்கிலத்தின் வழியாகக் கணிதமும் அறிவியலும். வணிகரைப் பற்றியும் வளைகுடாத் தொழிலாளரைப் பற்றியும் நாம் நிரம்பப் பேசியிருக்கின்றோம். கரும்பலகையின் முன் நின்ற இவர்களைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

தமிழ்த்துறையின் மலரில் ஆங்கில ஆசிரியரைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். வேற்று நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் தமிழர்க்கு உற்ற துணை அவருடைய தமிழே என்பதும், அங்கே ஆசிரியராய் நிற்கும் தகுதி அந்நாட்டின் மாணவராய் அமரும் பணிவிலிருந்தே பிறக்கின்றது என்பதும் நம் கருத்து. இவ்விரண்டையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அண்டை நாட்டு வகுப்பறை

தொலைவிலுள்ள நாடுகளை விடுத்து, நமக்கு மிக அண்மையிலுள்ள மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்டது அந்நாடு. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூற்றுக்கும் சற்றுக் குறைவு. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலே துறைமுகத்துக்குச் சென்று வருவதை நாம் அறிவோம். நம் அடுக்களையில் மணக்கும் மாசிக் கருவாடு அத்தீவுகளின் கொடை. நாம் தோணி என்பதை அவர்களும் 'தோனி' என்றே வழங்குகின்றனர்.

அந்நாட்டின் புதுமுறைக் கல்வி 1927இல் தோன்றிய மஜீதிய்யாப் பள்ளியிலும், 1944இல் பெண்களுக்கெனத் தோன்றிய அமீனிய்யாப் பள்ளியிலும் வேர்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் இப்பள்ளிகள் ஆங்கிலவழிக்கு மாறின. கற்பிக்க ஆள் வேண்டுமே! முதலில் இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். பின்னர்த் தீவுதோறும் பள்ளிகள் பெருகப் பெருக, இந்தியாவிலிருந்து வந்தோர் தொகை உயர்ந்தது. அவர்களுள் கேரளத்தவரும் தமிழ்நாட்டவரும் மிகுதி. இஸ்லாமியப் பாடமும் தாய்மொழியாகிய திவேஹியும் நீங்கலாகப் பிற பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், கணக்கியல் கற்பிக்கச் சென்றவரும் அங்கே ஒருவகையில் ஆங்கில ஆசிரியராகவே இருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்பின் முடிவில் மாணவர்கள் எழுதுவது கேம்பிரிட்ஜ் நடத்தும் பொதுத்தேர்வு. ஆகவே, கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே கடல்நடுவே ஒரு சிறு தீவில், ஆசிரியரும் ஆங்கிலேயர் அல்லர், மாணவரும் ஆங்கிலேயர் அல்லர். இருவரும் சேர்ந்து மூன்றாமவர் மொழியை வசப்படுத்த முயல்கின்றனர். இந்தக் காட்சியிலே எண்ணிப் பார்க்கத்தக்கது நிரம்ப உண்டு.

யாருடைய ஆங்கிலம்?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அதனைக் கற்பிக்க வல்லவர் என்னும் எண்ணம் உலகின் பல பகுதிகளில் இன்னும் வேரூன்றியுள்ளது. தென்கொரியா தன் மொழியாசிரியர் நுழைவிசைவை ஆங்கிலம் பேசும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியதாக வைத்திருந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கையின் பின்னரே, தகுதியுடைய இந்தியரும் ஆங்கிலத் துணையாசிரியராய்ச் செல்லும் வழி பிறந்தது. காசுமீரத்தில் பிறந்த மொழியியல் அறிஞர் பிரஜ் கச்ரு, ஆங்கிலத்தை வட்டம் வட்டமாக விரிந்து செல்லும் ஒன்றாகக் கண்டு, ஆங்கிலம் ஒன்றன்று, பல என்று 1980களிலேயே வாதிட்டார். அவர் வழி நின்று நாமும் ஒன்று கேட்போம்: ஒரு மலையேறும் வழியை நன்கு காட்டக்கூடியவர் உச்சியிலேயே பிறந்தவரா, அடிவாரத்திலிருந்து ஏறி வந்தவரா?

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வரும். திவேஹி மொழியிலும் அவ்வாறே. 'நான் மீன் வாங்கினேன்' என்னும் அடுக்கிலே எண்ணிப் பழகிய குழந்தை, வினையை நடுவில் வைக்கும் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறும் என்பதைத் தமிழாசிரியர் முன்கூட்டியே அறிவார். தாமும் அங்கே தடுமாறி எழுந்தவராயிற்றே! ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்தவருக்கு அத்தடுமாற்றம் கண்ணுக்குப் புலப்படும். அதன் காரணம் எளிதில் புலப்படாது.

எழுத்தின் திசையையும் நோக்குக. திவேஹி மொழிக்குரிய தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்குறிகளிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பது அத்தீவுகளின் பழைய எண்குறிகளிலிருந்து வந்தவை என்பர். அக்குழந்தை ஒரு பாடவேளையில் வலமிருந்து எழுதி, அடுத்த பாடவேளையில் இடமிருந்து எழுதுகின்றது. இந்த மாற்றம் நம் கரையாருக்கு வியப்பளிப்பதன்று. காலையில் ஓதும் பள்ளியில் வலமிருந்து இடமாக ஓதி, பிறகு பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாக எழுதியவர்கள் நாம். அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அரபுத் தமிழ் என்னும் செல்வத்தை வளர்த்த மரபினர் நாம். இரு திசையிலும் கைபழகிய பிள்ளையின் மனம் நமக்குப் புரியும்.

ஒலிப்பிலும் சுவையான ஓர் ஒற்றுமை வேற்றுமை உண்டு. காஃபியைக் காப்பியாக்கியது நம் நாக்கு. அவர்கள் நாக்கோ பழைய பகரத்தையே ஃபகரமாக்கியது. இந்தியில் 'பானி' எனப்படும் தண்ணீர் திவேஹியில் 'ஃபென்' ஆயிற்று. ஆகவே ஃபகரத்தில் மாணவரே ஆசிரியரைத் திருத்தும் நிலை வரலாம். அதனை மானக்கேடாகக் கருதுபவர் அங்கே செல்ல வேண்டா. கரையை விட்டுப் புறப்படுமுன் தம் ஒலிப்பைச் செம்மை செய்துகொள்வதும், குறை சுட்டப்பட்டால் முகம் சுளிக்காமல் ஏற்பதும் ஆசிரியரின் கடமை. தாய்மொழியின் துணை என்று நாம் கூறியது, பிழையான ஆங்கிலத்துக்குப் பரிந்து பேசுவதாகாது. தன் மொழியின் இலக்கணத்தைத் தெளிய உணர்ந்தவனே பிறமொழியின் இலக்கணத்தைத் தெளிய உரைப்பான் என்பதே அதன் பொருள். தமிழைக் கசடறக் கற்காமல் ஆங்கிலத்தில் பாய்ந்தவர், இரண்டையும் அரைகுறையாகவே கையாள்வதைக் கண்கூடாகக் காண்கின்றோம்.

இரு முன்னோடிகள்

வேற்று நாட்டில் பணியேற்றோர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதற்கு வரலாற்றில் இரு சான்றுகள் உள. இரண்டும் நம் கரையொடு தொடர்புடையவை.

உலகம் சுற்றிய பெருமகனார் இப்னு பதூதா 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் தங்கி, அங்கே காஜியாகப் பணியாற்றினார். அம்மக்களின் இறையச்சத்தையும் நேர்மையையும் அவர் போற்றியிருக்கின்றார். ஆயினும் அந்நாட்டுப் பெண்டிர் இடுப்புக்கு மேல் ஆடையணியாத வழக்கத்தை மாற்ற ஆணையிட்டுத் தாம் வெற்றி பெறவில்லை என்பதையும் அவரே தம் பயண நூலில் ஒளிவின்றிப் பதிந்துள்ளார். பின்னர் அமைச்சரோடு பிணக்குற்று, தீவுகளை விட்டு நீங்கினார்; இலங்கை சென்று, அதன்பின் கப்பல் விபத்தில் சிக்கி, மதுரை சுல்தானின் ஆளுகையிலிருந்த சோழமண்டலக் கரையில் ஏறினார். அவருடைய கல்வியில் குறையில்லை, நோக்கத்திலும் குறையில்லை. ஆனால் வந்து சில திங்களே ஆன ஒருவர் ஆணையால் ஓர் ஊரின் வழக்கம் மாறிவிடுவதில்லை. நேர்மையாக அதனை எழுதிவைத்த அவருக்கு நாம் நன்றியுடையோம்.

மற்றவர் சீகன்பால்கு. காரைக்காலிலிருந்து வடக்கே பூவம் எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் தரங்கம்பாடி. அங்கு டேனிய அரசர் அனுப்ப, 1706இல் வந்திறங்கியவர் அச்செருமானியர். கற்பிக்கவும் தம் சமயத்தைப் பரப்பவுமே அவர் வந்தார்; அந்நோக்கத்தை ஏற்பதும் ஏலாமையும் வேறு. அவர் முதலில் செய்தது யாது? தமிழ்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம்மிடத்துக்கே வரச்செய்து, அச்சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்துக் கற்றார். 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலே எழுதினார். மணலில் எழுதக் கற்ற பின்னரே அச்சுக்கூடம் வந்தது.

ஒருவர் அறிவுரையோடு தொடங்கினார். மற்றவர் அகரத்தோடு தொடங்கினார். அயல்நாட்டு வகுப்பறைக்குள் நுழையும் இளைஞர் எதனைப் பின்பற்றல் வேண்டும் என்பது வெள்ளிடைமலை.

புதுநாட்டு வாழ்வு

சம்பளத் தொகையைக் கேட்டறிந்து செல்வோர் பலர். வாழ்க்கையைக் கேட்டறிந்து செல்வோர் சிலரே. சிறு தீவொன்றில் அரைமணி நேரம் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஆசிரியரைத் தெருவில் அறியாதவர் எவரும் இரார். அவர் எங்கே சென்றார், யாரோடு பேசினார் என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரியும். வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறன்று பள்ளி. காலை உணவு மாசியும் தேங்காய்த் துருவலும் பிசைந்த 'மாசுஹுனி'யும் ரொட்டியும். நண்பகலில் 'கருதியா' என்னும் மீன்சாறு. மீனோடு வளர்ந்த நமக்கு இவை எளிதில் பிடிக்கும். புலால் உண்ணாத நண்பர்க்கு இடர்ப்பாடு மிகும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிமை. மாலையில் பள்ளி மூடியபின் நாற்புறமும் கடல் தவிர வேறொன்றுமில்லாத வேளையில், ஊர் நினைவு வருத்துவது போல வேறெதுவும் வருத்தாது.

அத்தனிமைக்கு மருந்து அவ்வூர் மொழியே. திவேஹியில் மூன்று படிநிலை மரியாதை வழக்கு உண்டு. 'நீ', 'நீர்', 'நீங்கள்', 'தாங்கள்' என்று ஆளறிந்து பேசும் தமிழருக்கு அந்த நுட்பம் விரைவில் பிடிபடும். பெற்றோரிடம் நான்கு தொடர் அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த ஆசிரியர் அத்தீவின் விருந்தினர். ஒன்றும் தெரியாதவர் அத்தீவின் கூலியாள். இடையிலுள்ள வேறுபாட்டை உண்டாக்குவது ஓராண்டு முயற்சியே.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அந்நாட்டுக் குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்கள். பிற சமய வழிபாட்டைப் பொதுவிடத்தில் நடத்த இசைவில்லை. நம் சமூகக் கல்லூரிகளில் இந்து, கிறித்தவ மாணவர்கள் பெருந்தொகையினராய்ப் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் அங்குச் செல்ல விரும்பினால், இதனைப் புறப்படுமுன் அறிந்திருத்தல் அவருடைய உரிமை. அறிவித்தல் நம்முடைய கடமை. அதுபோலவே, அங்குச் செல்லும் முஸ்லிம் இளைஞரும் சமயம் ஒன்றாயிருப்பதனால் எல்லாமே ஒன்றாயிருக்கும் என்று மயங்குதல் கூடாது. தொழுகை ஒன்று, உணவும் உடையும் உறவுமுறையும் ஊர்வழக்கும் வேறு. ஒன்றாய் இருப்பதைக் கொண்டு வேறாய் இருப்பதை அளக்கத் தொடங்கினால் மனக்கசப்பே மிஞ்சும்.

அரசுகளின் உறவு ஏறும், இறங்கும். 2023, 2024ஆம் ஆண்டுகளில் டில்லிக்கும் மாலேக்கும் இடையே கசப்பு எழுந்ததையும், 2024 அக்டோபரில் அந்நாட்டு அதிபர் டில்லி வந்தபின் அது தணிந்ததையும் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று நம் காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கான உயிரைக் கொண்ட அதே ஆழிப்பேரலை, அன்றே மாலத்தீவையும் தாக்கியது. கடல் இரு கரையையும் ஒன்றாகவே நடத்தியது. வகுப்பறையில் நிற்பவர் அரசுகளின் கசப்பை மாணவரிடம் கொண்டு செல்லாதிருத்தலே அழகு.

பெரியோர் கவனத்துக்கு

சமுதாயப் பெரியோரிடம் இரண்டு கூறுவோம். முதலாவது, ஏமாற்றைப் பற்றியது. ஆள்சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமே விதித்தது. இருந்தும் பதிவில்லாதவரிடம் நகையை விற்றுப் பணம் கட்டும் குடும்பங்கள் உள. ஒப்பந்தத்தில் சம்பளம் எந்நாணயத்தில், விடுப்புப் பயணச்சீட்டு யார் பொறுப்பு, தங்குமிடம் உண்டா, இடையில் விலகினால் என்ன இழப்பு என்னும் நான்கையும் படித்தறியாமல் கையெழுத்திடுவது பேதைமை. பொய்ச் சான்றிதழோடு செல்வது அதனினும் கொடிது. ஒருவர் பிடிபட்டால் பின்வரும் நூறு நேர்மையாளர் மீதும் ஐயம் விழும்.

இரண்டாவது, பெண்மக்களைப் பற்றியது. இந்தியாவிலிருந்து மாலத்தீவுக்குச் செல்லும் ஆசிரியருள் பெண்கள் பலர். நம் ஊர்களிலோ, முதுகலையும் கல்வியியல் பட்டமும் பெற்ற மகள் வீட்டில் இருக்க, பள்ளியிறுதி தாண்டாத மகனுக்குக் கடன் வாங்கிக் கடவுச்சீட்டு எடுக்கும் குடும்பங்கள் இன்றும் உள. மகளின் பாதுகாப்பு பற்றிய அச்சம் பொருளற்றதென்று நாம் கூறவில்லை. அச்சத்துக்கு மருந்து விசாரிப்பு. எந்தத் தீவு, எந்தப் பள்ளி, உடன் பணிபுரிவோர் யார், தங்கும் வீடு எது என்று கேட்டறியலாம். முன்பு பணிபுரிந்து மீண்டவரோடு பேசச் செய்யலாம். கணவன் மனைவி இருவரும் ஆசிரியராயின் சேர்ந்தே செல்ல வாய்ப்புண்டா என்று ஆராயலாம். இவை ஒன்றும் செய்யாமல் வாயிலை அடைப்பது காப்பாகாது. கற்ற கல்வியைப் புதைப்பதாகும்.

கல்லூரிகள் செய்யத்தக்கன

அயல்நாடு செல்ல விரும்பும் மாணவர்க்கெனத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் சேர்ந்து ஒரு பருவகாலப் பயிற்சி நடத்துதல் வேண்டும். அதில் தமிழ், ஆங்கில இலக்கணங்களை ஒப்பிட்டுக் கற்பித்தல், ஒலிப்புப் பயிற்சி, செல்லும் நாட்டின் வரலாறு, அந்நாட்டு மொழியின் இருநூறு சொற்கள், ஒப்பந்தம் படிக்கும் முறை ஆகியன இடம்பெறலாம். மீண்டு வந்த ஆசிரியர்களை ஆண்டுக்கொருமுறை அழைத்துப் பேசச் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இன்னொன்று தமிழ்த்துறைக்கே உரியது. ஏ. கே. செட்டியார் நாடு நாடாகச் சென்று தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்தார். அயல்நாட்டுப் பள்ளிகளில் பத்தும் பதினைந்தும் ஆண்டு வாழ்ந்த நம் ஆசிரியர்கள் பயணிகளைக் காட்டிலும் ஆழமாக அந்நாடுகளை அறிந்தவர்கள். அவர்தம் அறிவு வீட்டுத் திண்ணைப் பேச்சோடு கரைந்துபோகின்றது. திவேஹிச் சொற்களைத் தமிழில் விளக்கும் சிறு கையேடு, ஒரு தீவுப் பள்ளியின் நாட்குறிப்பு, அங்குள்ள உணவும் விழாவும் பற்றிய கட்டுரை என ஆளுக்கொன்று எழுதித் தந்தாலும் போதும். அடுத்துச் செல்பவர்க்கு அது விளக்காகும்.

காலமும் காத்திராது. மாலத்தீவு 1998இல் உயர்கல்விக் கல்லூரி கண்டு, 2011இல் அதனைத் தேசியப் பல்கலைக்கழகமாக உயர்த்திக்கொண்டது. தன் ஆசிரியரைத் தானே உருவாக்கி வருகின்றது. அஃது அந்நாட்டுக்குப் பெருமை. அதற்கு உதவிய அயல்நாட்டு ஆசிரியர்க்கும் பெருமை. தம் தேவையைத் தாமே குறைத்துக்கொள்வதுதானே நல்ல ஆசிரியரின் வெற்றி! ஆனால் இனிமேல் ஏதோ ஒரு பட்டத்தோடு செல்வோர்க்கு அங்கே இடமிராது. உண்மையிலேயே கற்பிக்க வல்லவர்க்கே இடமுண்டு.

1954 நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சியர் ஆண்ட மண் காரைக்கால். தெற்கே வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் அடிவைத்தால், 1947வரை அது ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி. வீட்டில் தமிழ், ஓதும் பள்ளியில் அரபு, அலுவலகத்தில் பிரெஞ்சு, எல்லைக்கு அப்பால் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளின் நடுவே வாழ்ந்தவர் நம் பாட்டனார். அயல்நாடு என்பது நடந்து போகும் தொலைவில் இருந்த ஊரில் பிறந்த நாம், வேற்றூரின் வழக்கத்தை மதித்து வாழும் கலையை எவரிடமும் இரவல் பெற வேண்டியதில்லை. பெட்டியில் பட்டச் சான்றிதழோடு வெறுங்குறிப்பேடு ஒன்றையும் வைத்துக்கொண்டு புறப்படுக, இளைஞரே! அதன் முதற் பக்கத்தில் நும் மாணவர் கற்பிக்கும் முதற்சொல்லை எழுதுக.